புள்ளியும் பொலிவும்

நம் இல்லத்தில் பழைய கிதாபு ஒன்று உண்டு. கல்லச்சில் பதிப்பிக்கப்பட்ட அரபுத் தமிழ் நூல் அது. முகப்பு ஏடு கிழிந்துபோனமையால் நூலின் பெயரோ, அச்சிட்ட ஊரோ இன்று தெரியவில்லை. தொழுகை, நோன்பு முதலிய கடமைகளின் சட்டங்களை வினா விடையாகச் சொல்லிச் செல்வது. நம் அன்னையைப் பெற்ற பாட்டியார் மணமாகிக் கீழக்கரையிலிருந்து வந்தபோது உடன் கொண்டுவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. பாட்டியாருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியும். இதில் முரண் காண்பவர்கள் நம் சமுதாயத்தின் பழைய வீடுகளை அறியாதவர்கள். அரபு எழுத்தில் அமைந்த தமிழை அவர்கள் தட்டுத் தடையின்றி ஓதுவார்கள், எழுதவும் செய்வார்கள். அந்நூலின் ஓரங்களில், அச்சுக்கு அப்பால் இருந்த வெற்றிடத்தில், பிள்ளைகள் பிறந்த நாள், பெரியவர்கள் மறைந்த நாள், கைமாற்றாகக் கொடுத்த தொகை, காய்ச்சலுக்கான கஷாயத்தின் அளவு எல்லாவற்றையும் நாணற் கோலால் குறித்து வைத்திருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், தையல் விட்டு ஏடுகள் கழன்றபோது, அதனைக் கட்டுவதற்குக் கொடுத்தோம். கட்டுபவர் நல்ல மனிதர். வேலையைத் தூய்மையாகவே செய்தார். அந்தத் தூய்மைதான் வினையாயிற்று. ஓரங்கள் ஒழுங்கற்றிருக்கின்றனவே என்று கருதி, வெட்டும் இயந்திரத்தில் வைத்து மூன்று பக்கமும் அரை அங்குலம் சீவிவிட்டார். அட்டை பளபளத்தது, விளிம்பு கண்ணாடிபோல் இருந்தது. திறந்து பார்த்தோம். நம் தாய்மாமன் பிறந்த குறிப்பில் கிழமை இருக்கிறது, பிறை இருக்கிறது, ரஜப் மாதம் இருக்கிறது. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தாதலின் ஹிஜ்ரி ஆண்டு இடப்புற விளிம்பில் நின்றது. அது மட்டும் வெட்டுத் துண்டோடு போயிற்று. மாமாவிடம் சொன்னபோது, "நல்லதாய்ப் போயிற்று, இனி எனக்கு வயது ஏறாது" என்று சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டியவரைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஓரவெளியும் நூலின் ஓர் உறுப்பே என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நூலின் அழகு பற்றி நம்மிடையே நிலவும் கருத்துதான் அவர் கையில் கத்தியாக இருந்தது. அழகு என்றால் பளபளப்பு, பூவேலை, பொன்வண்ணம், முகப்பில் ஒரு பிறை, ஒரு மினாரா. உள்ளே எழுத்து எப்படி நிற்கிறது, வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சுவிட இடம் இருக்கிறதா, விரல் வைத்துப் பிடிக்க ஓரம் இருக்கிறதா என்று கேட்பார் அரியர். எழுத்தழகை வணக்கத்துக்குரிய பணியாகவே போற்றிவந்த ஒரு சமுதாயத்தின் நூல்களுக்கு இந்நிலை வந்தது எவ்வாறு என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

அரபு எழுத்தின் அழகு மனம்போன போக்கில் வளைத்து வந்ததன்று, அளவினால் வந்தது. பகுதாதில் அமைச்சராக இருந்து, அரசியல் பகையால் கை வெட்டப்பட்டு, கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா அவ்வளவை வகுத்தார். எழுதுகோலின் முனையைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அதுவே அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, நூனின் வயிறு இத்தனை புள்ளி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குண்டு. எழுதுகோல் தடித்தால் புள்ளி பெரிதாகும். எழுத்து முழுவதும் அதற்கேற்ப வளரும். பின்வந்த இப்னுல் பவ்வாபும், 1298இல் மறைந்த யாகூத் அல் முஸ்தஃஸிமியும் அக்கணக்கை மென்மையாக்கினார்களேயன்றிக் கைவிடவில்லை.

தமிழுக்கும் ஒரு புள்ளி உண்டு. அது அளவுகோலன்று, ஓசையை மாற்றும் குறி. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆயினும் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்பதால், ஏடெழுதியோர் அதனை விட்டுவிட்டே எழுதினர். நேர்கோடு நரம்பு வழியே ஓலையைக் கிழிக்கும் என்று வளைத்து எழுதினர். நம் எழுத்தின் உருண்டை வடிவம் ஓலை தந்த கொடை என்பர். அரபு எழுத்துகள் கைகோத்து நடக்கின்றன. தேவைப்படும்போது இணைப்புக்கோட்டை நீட்டி வரியை நிரப்பிக்கொள்கின்றன. தமிழ் எழுத்துகளோ ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. அரபுக்கு அழகு நீட்டத்தில். தமிழுக்கு அழகு இடைவெளியில். இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்விரண்டும் சந்தித்த இடம் அரபுத் தமிழ். அரபு எழுத்து இருபத்தெட்டு. தமிழின் ட, ண, ப, ங போன்ற ஓசைகளுக்கு அவற்றுள் இடமில்லை. நம் முன்னோர் என்ன செய்தார்கள்? புதிய உருவங்களைப் படைக்கவில்லை, புள்ளியிட்டார்கள். தாலுக்குக் கீழே ஒரு புள்ளி இட்டால் ட. நூனுக்குக் கீழே ஒரு புள்ளி சேர்த்தால் ண. ஐனுக்குக் கீழே மூன்று புள்ளி இட்டால் ங. அரபியில் இல்லாத எ, ஒ ஓசைகளுக்கும் தனிக்குறி வகுத்துக்கொண்டார்கள். எழுத்தின் இலக்கணம் கெடாமல் ஓசை மட்டும் வந்து குடியேறியது. இதனைவிடச் சிறந்த எழுத்தமைப்பு வேலை தமிழகத்தில் வேறெங்கும் நடந்ததாக நாம் கருதவில்லை. இதைச் செய்தவர்கள் எந்தக் கலைக்கூடத்திலும் பயின்றவர்களல்லர். மக்தபுகளில் ஓதிக் கொடுத்த ஆலிம்கள்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்களின் அரபுத் தமிழ் நூல்கள் வீடுதோறும் சென்றது கல்லச்சின் துணையால். ஈயத்தில் வார்த்த எழுத்து அந்நாளில் அரபுத் தமிழுக்குப் பொருந்திவரவில்லை. மேலும் கீழுமாக உயிர்க்குறிகள் அடுக்கிநிற்கும் எழுத்தை வார்ப்படத்தில் அடக்குவதும், இத்தனை புதிய புள்ளிகளுக்குத் தனித்தனி அச்சு வெட்டுவதும் பெருஞ்செலவு. கல்லச்சுக்கு அத்தொல்லை இல்லை. காத்திபு கொழுப்பு மையால் எழுதியதைச் சுண்ணாம்புக் கல்லில் ஏற்றி, கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால், எழுதிய இடம் மையை ஏற்கும். நனைந்த இடம் விலக்கும். ஆகவே அச்சான பக்கம் முழுவதும் ஒரே மனிதரின் கை. நடுவே மூலம், சுற்றிலும் ஹாஷியா எனப்படும் ஓர உரை, இரண்டுகோட்டுச் சட்டம், அடியில் அடுத்த ஏட்டின் முதற்சொல், முடிவுரையில் வரிகள் படிப்படியாகக் குறுகி முனையில் முடிதல். இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. அடியிலுள்ள சொல் ஏடுகள் மாறிப்போகாமல் காக்கும். சட்டம் மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டும். குறுகிவரும் வரி, நூல் முடிகிறது என்று கண்ணுக்குச் சொல்லும்.

கல்லச்சு நூல்கள் அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதும் முறையன்று. தாளை மிச்சப்படுத்த வேண்டி இடமில்லாமல் நெருக்கியவை உண்டு. மை பரவிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி, ஒரு புள்ளியா மூன்று புள்ளியா என்று கண்ணைக் கசக்கவைத்தவையும் உண்டு. நம் வீட்டு நூலிலேயே அவ்வாறான நாலைந்து பக்கங்கள் இருக்கின்றன. பாட்டியார் அவ்விடங்களில் புள்ளியைத் தம் கையாலேயே திருத்தியிருந்தார்கள்.

இனித் தமிழ் அச்சுக்கு வருவோம். இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய நூல் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. அதன்பின் தரங்கம்பாடி, சென்னை என்று தமிழ் அச்செழுத்து வளர்ந்து, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் ஒரு சிகரம் எய்தியது. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் மேற்பார்வையில் உருவான அவ்வெழுத்துகள் சிறியவை; ஆனால் எவ்வளவு தெளிவானவை! சொல்லும் பொருளும் நெருங்கி நிற்கும் அகராதிப் பக்கத்திலும் கண் வழிதவறுவதில்லை. பின்னர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், மூலம் வேறு, உரை வேறு, அடிக்குறிப்பு வேறு என்று பக்கத்தைப் பகுத்துப் பதிப்பிக்கும் முறைக்கு வழிகாட்டினார். நம்முடைய சீறாப்புராணமோ அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, 1842இல், செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறிவிட்டது. அச்சுக்கு வருவதில் நாம் பிந்தியவர்களல்லர். அச்சை அழகுபடுத்துவதில்தான் பின்தங்கினோம்.

எவ்விதம் பின்தங்கினோம் என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். முதலாவது, அட்டைகளில் காணும் 'அரபு வேடத் தமிழ்'. நூலின் பெயரைத் தமிழில் எழுதுவார்கள். ஆனால் அது அரபிபோல் தோன்றவேண்டும். எனவே எழுத்துகளின் தலையில் ஒரு கோடு இழுப்பார்கள், உருண்டைகளைக் கூராக்குவார்கள், காலை வாள்போல் நீட்டுவார்கள், பிறகு, அழகுக்காக ஆங்காங்கே சாய்சதுரப் புள்ளிகளைத் தூவுவார்கள். நம் பேரப்பிள்ளை ஒருத்தி இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, அத்தகைய அட்டையொன்றில் 'மறை' என்றிருந்ததை 'ம்றை' என்று வாசித்தாள். திருத்தப் போனோம். "மேலே புள்ளி இருக்கே" என்றாள். அவள் வாசித்தது பிழையன்று. எழுதியவர் செய்தது பிழை. தமிழில் புள்ளி நகையன்று. க மேல் புள்ளி வைத்தால் அது க் ஆகிவிடும். இப்னு முக்லா அளவெடுக்க வைத்த புள்ளியையும், அரபுத் தமிழ் ஆலிம்கள் ஓசைக்காக இட்ட புள்ளியையும் வெறும் தூவற்பொருளாக்கிய பெருமை நம் காலத்து அட்டைகளையே சாரும். அரபையும் அவமதித்து, தமிழையும் குழப்பும் இவ்வேடத்தை எவ்வளவு விரைவில் களைகிறோமோ அவ்வளவு நல்லது.

வேடம் வேறு, உறவு வேறு. திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலைக் காணுங்கள். அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை அமைத்தவர் நவாபின் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால் என்னும் ஹிந்து அன்பர். எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். கல்லில் பொறித்த அவ்வெழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றை நகர்த்தினாலும் ஆண்டு பிழைத்துவிடும்.

அப்பள்ளிக்கு அருகிலிருந்தே 'முஸல்மான்' என்னும் உருது மாலை நாளேடு வெளிவந்தது. சையது அஸ்மத்துல்லா 1927இல் தொடங்கிய அவ்வேடு, கணினி வந்து உலகெங்கும் அச்சுக்கோப்பு மறைந்த பின்னரும், இந்த நூற்றாண்டிலும், காத்திபுகளின் கையாலேயே எழுதப்பட்டு வந்தது உலகறிந்த செய்தி. நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் எழுத மூன்று மணிநேரம் ஆகும் என்பார்கள். பிந்திவரும் செய்திக்கென முதற்பக்கத்தில் மூலையில் ஓர் இடம் விட்டுவைப்பார்கள். வெளிநாட்டார் பலர் வந்து படம்பிடித்துப் போனார்கள்; உள்ளூரில் நாம் எத்தனைபேர் எட்டிப் பார்த்தோம் என்பது வேறு. வியப்பதற்காக இதனைக் கூறவில்லை. நாள்தோறும் மறுநாளே பழங்காகிதமாகும் செய்திக்கும் அவர்கள் ஓரவெளி விட்டார்கள். தலைமுறை தாண்டி நிற்கவேண்டிய நூல்களுக்கு நாம் விடுவதில்லை.

இரண்டாவது சான்று நம் திருமறைத் தமிழாக்கப் பதிப்புகள் பலவற்றின் பக்க அமைப்பு. மூலம் தடித்த எழுத்தில் பொலிவாக நிற்கும். அது முறையே. மூலத்தின் கண்ணியத்திற்கு யாரும் குறைவு சொல்லார். ஆனால் அதன் கீழே தமிழ் எவ்வாறு நிற்கிறது? மிகச் சிறிய எழுத்தில், வரிக்கு வரி இடிபட்டு, அடைப்புக்குறிகளுக்குள் அடைப்புக்குறியாக, விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. பொருள் அறிய விழையும் முதியவர் ஒருவர், மூக்குக்கண்ணாடியும் உருப்பெருக்கியும் கொண்டு அதனோடு போராடுவதை நாம் எத்தனையோ நோன்பு மாதங்களில் கண்டிருக்கிறோம். பொருளைத் தாங்கும் எழுத்துக்கு இடம் தராமல் பக்கத்தைச் சுற்றி நான்கு வண்ணத்தில் பூச்சட்டம் போட மட்டும் இடம் எங்கிருந்து வருகிறது?

மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து அச்சகத்தின் பதிப்பை இங்கு நினைத்துப் பார்க்கலாம். சிரியா நாட்டு உஸ்மான் தாஹா கையால் எழுதியது, 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவிலேயே முடியும். மனனம் செய்யும் பிள்ளைக்குப் பக்கம் திருப்பும் இடத்தில் வசனம் அறுபடாது. அதன் அழகு, வாசிப்பவனை நினைத்து எழுதிய அழகு. தமிழ்ப் பதிப்பாளர்கள் அதன் பூச்சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்த நினைப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

கருவிகள் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பெரியார் 1935இல் தம் இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்று, ணை, லை, றா, னா போன்ற பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் எளிதாயிற்று. அன்று வார்ப்படத்துக்காகச் செய்தது அது. இன்று கணினியில் எவ்வடிவத்தையும் வரையலாம். அரபுத் தமிழுக்கே உரிய, ஐனுக்குக் கீழ் மூன்று புள்ளி போன்ற எழுத்துகளும் உலகக் கணினி எழுத்துத் தொகுதியில் 2015இல் இடம்பெற்றுவிட்டன. எழுத்து வந்துவிட்டது, அதனைக் கொண்டு அழகிய பக்கம் ஒன்றைக் கோக்கும் கைதான் வரவேண்டும்.

கட்டடத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். ஏனெனில் நாம் வாழ்வது பம்மல். பல்லாவரமும் நாகல்கேணியும் குரோம்பேட்டையும் சூழ்ந்த தோல்நாடு இது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் வணிகத்தில் நம் மக்கள் பலர் தலைமுறைகளாக ஈடுபட்டு வந்திருக்கிறார்கள். நாம் பிறந்த நாள் முதல் அறிந்த மணம் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியின் மணம். இத்தனை தோலுக்கு நடுவில் வாழும் நாம் நல்ல தோற்கட்டு நூல் ஒன்றை நம் ஊரில் காட்ட இயலுமா? முற்கால முஸ்லிம் நாடுகளின் நூற்கட்டு எத்தகையது! பின்னட்டையிலிருந்து நாக்குப்போல் ஒரு மடிப்பு வந்து ஏடுகளின் விளிம்பை மூடிக் காக்கும். அம்மடிப்பு தூசியைத் தடுக்கும். ஓதி நிறுத்திய இடத்தைக் குறிக்கவும் உதவும்.

இதில் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. நூலகங்களில் தோலட்டைகள் சிவந்த பொடியாக உதிர்வதைக் கண்டு, லண்டனில் கலைச்சங்கம் 1900இல் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கை, கிழக்கிந்தியத் தோல் என்று வழங்கிய, ஆவாரம்பட்டையால் பதனிட்ட ஆட்டுத் தோல்களையே நூற்கட்டுக்கு மிக மோசமானவை என்று கண்டது. அப்பட்டையின் துவர்ப்புப் பொருள் காற்றிலுள்ள கந்தகப் புகையை ஈர்த்து, அதனை அமிலமாக்கித் தோலைத் தின்றுவிடும். சுமாக் இலையால் பதனிட்டவையே நீடித்து நின்றன. நம் பக்கத்துச் சரக்கைப் பற்றிய தீர்ப்பு இது, மறைப்பதால் பயனில்லை. செருப்புக்கும் பைக்கும் சிறந்த தோல் நூலுக்குச் சிறந்ததாகிவிடாது. பின்னர் வந்த குரோம் தோலோ பொன்முத்திரை அழுத்தினால் ஏற்க மறுக்கும். ஆகவே 'தோலட்டை' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் பதிப்பாளரிடம், எந்தப் பதத்துத் தோல் என்று கேட்டு வாங்குங்கள். அவர் விழிப்பாராயின், துணிக்கட்டே போதும் என்று சொல்லிவிடலாம்.

துணிக்கு நாம் தொலைவு போகவேண்டியதில்லை. 2021இல் பம்மலோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த அனகாபுத்தூர், நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்த் தறியில் நெய்த பருத்தித் துணி ஒரு முழம் வாங்கி, நம் கிதாபை மீண்டும் கட்டுவித்தோம். இம்முறை அருகிலேயே அமர்ந்துகொண்டோம். வெட்டும் இயந்திரத்தின் பக்கம் போகவேண்டாம் என்றோம். பசையைக் குறைத்து, நூலால் தைக்கச் சொன்னோம். ஏடுகள் மேலும் கீழுமாகத்தான் நிற்கின்றன. கட்டியவருக்கு அது பிடிக்கவில்லை. "பார்க்க நல்லா இல்லையே" என்று இரண்டு முறை சொன்னார்.

இறுதியில் எட்டு வெற்றேடுகளும் சேர்த்துத் தைக்கச் செய்தோம். அவற்றுள் முதல் ஏட்டில் மாமா தம் பிறப்பைப் பாட்டியாரின் முறைப்படியே அரபுத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். கிழமை, பிறை, ரஜப் மாதம். ஆண்டுக்குரிய இடத்தை இடப்புறத்தில் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பாலும் இரண்டு விரற்கடை ஓரம் இருக்கிறது.